கேத்தரினும் நீலியும்: ‘வாம்பயர் டைரீஸ்’ புத்தகமாகவும் தொடராகவும்

‘தி வாம்பயர் டைரீஸ்’ என்றதும் பலருக்கு நினைவு வருவது, ரத்தம் குடிக்கும் பேய்களான வாம்பயர்களைப் பற்றி 2009இல் தொடங்கிய அமெரிக்க டிவி தொடர்தான். இன்னொரு வாம்பயர் கதையான ‘ட்வைலைட்’ ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அவசரமாகச் செய்த கதை என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படி இல்லை. எல். ஜே. ஸ்மித் எழுதிய முதல் மூன்று நாவல்கள் 1991இலேயே வந்துவிட்டன. ‘ட்வைலைட்’ நாவல் வந்தது 2005இல். மூன்றோடு முடிவதாக இருந்த கதை. வாசகர்கள் விடாமல் கேட்டதால் நான்காவதும் வந்தது. அப்புறம் பல வருட இடைவெளி. டிவி தொடர் வருகிற சமயத்தில்தான் ஸ்மித் மறுபடி இந்தக் கதைக்குத் திரும்பினார்.

பள்ளி நாட்களில், திருவனந்தபுரத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கிய பிரதியில் நான் படித்த கதை இது. குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் இருப்பவர்களுக்குப் புத்தகமோ ஆஸ்பத்திரியோ, நாகர்கோவில் அளவுக்கே திருவனந்தபுரமும் பக்கம். இப்போது அக்கா மகள் அந்தத் தொடரைப் பார்க்கத் தொடங்கியதும் நான் நாவல்களைத் திரும்ப எடுத்தேன். அவள் பார்ப்பதும் நான் படிப்பதும் ஒரே பெயர்களை வைத்துக்கொண்ட இரண்டு கதைகள் என்பது சீக்கிரமே தெரிந்தது. அவை எங்கே, எதனால் பிரிந்தன என்பதைச் சொல்ல நினைக்கிறேன். அதில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது கேத்தரின் என்ற ஒருத்தியின் கதை. யட்சி கதையும் நீலி கதையும் கேட்டு வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களால் அவளைச் சாதாரண வில்லி என்று விட்டுவிட முடியாது.

தெரியாதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா அம்மாவை இழந்த எலெனா கில்பர்ட் என்ற பள்ளி மாணவி. அந்த ஊருக்கு ஸ்டெஃபன் சால்வடோர் வருகிறான். பார்க்க வாலிபன், வயது நூற்றாண்டுக் கணக்கு. மனித ரத்தம் தொடமாட்டேன் என்று மிருக ரத்தத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் வாம்பயர். பின்னாலேயே அவன் அண்ணன் டேமன் வருகிறான். அவனுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. அண்ணன் தம்பி இருவரும் முன்னொரு காலத்தில் கேத்தரினைக் காதலித்தவர்கள், அவளால் வாம்பயர் ஆனவர்கள். எலெனாவுக்கு அவளுடைய முகச்சாயல்.

நாவலில் அந்த முன்னொரு காலம் 15ஆம் நூற்றாண்டு. இடம் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ். தொடரில் 1864, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கும் நேரம், அதே விர்ஜீனியா ஊர். இந்த ஒரு மாற்றம் கதையின் அஸ்திவாரத்தையே மாற்றிவிட்டது. நாவலில் ஊர் சும்மா ஒரு களம். அண்ணன் தம்பிக்கு அதோடு பழைய ஒட்டு எதுவும் இல்லை. தொடரில் அவர்கள் அந்த ஊரின் பழைய குடும்பத்துப் பிள்ளைகள். ஊரை நிறுவிய குடும்பங்கள், அவற்றின் ரகசிய சபை, 1864இல் வாம்பயர்களைச் சர்ச்சில் அடைத்துத் தீ வைத்த கதை என்று வரிசையாக ஒரு ஊர்ச் சரித்திரமே கட்டியெழுப்பப்பட்டது. நாவலில் ஊரின் பெயர் ஃபெல்ஸ் சர்ச். தொடரில் ஊர் மிஸ்டிக் ஃபால்ஸ் ஆகிவிட, பழைய பெயர் இடிந்துகிடக்கும் அந்தச் சர்ச்சுக்குப் போய்விட்டது.

தொடரை உருவாக்கிய கெவின் வில்லியம்சனும் ஜூலி ப்ளெக்கும் இதை ஏன் செய்தார்கள் என்று யோசித்தால் காரணம் எளிது. 8 சீசன், 171 எபிசோடு ஓடவேண்டிய கதையை ஒரு முக்கோணக் காதல் மட்டும் தாங்காது. ஊர் தாங்கும். நாவலில் எலெனா பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்து இறந்து வாம்பயராக எழுவது இரண்டாவது புத்தகத்தின் முடிவிலேயே நடந்துவிடுகிறது. தொடரில் அதே பாலம், அதே ஆறு. ஆனால் அந்த இடத்துக்கு வர மூன்று சீசன் ஆகிறது.

ஊர்ச் சரித்திரத்தைக் கதையாக்கியதில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. 1864இல் விர்ஜீனியாவில் ஒரு பெரிய வீடு என்றால் அதற்குள் அடிமைகள் இருந்திருப்பார்கள். தொடர் அந்த மாளிகைகளையும் பட்டு உடைகளையும் நடனங்களையும் ஆசை ஆசையாகக் காட்டுகிறது. வேலை செய்தவர்களைப் பற்றி அநேகமாகப் பேசுவதே இல்லை. மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் நடந்த மண்ணில் வளர்ந்த எனக்கு இதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. பெரிய வீட்டின் சரித்திரத்தை அந்த வீட்டுக்காரர்களே எழுதினால் எது விடுபடும் என்பது எங்கள் பாட்டிமாருக்கு நன்றாகத் தெரியும். எலெனாவின் தோழி போனியை ஒரு கறுப்பினச் சூனியக்காரப் பரம்பரையின் வாரிசாக மாற்றியது தொடரின் நல்ல முடிவு. நாவலின் போனி செந்நிற முடிக்காரி, தன்னை ஸ்காட்லாந்து வம்சம் என்பவள். ஆனால் மாற்றியபிறகு அந்தப் பெண்ணை என்ன செய்தார்கள்? மற்றவர்களைக் காப்பாற்ற அவளைத் திரும்பத் திரும்பச் சாகவைத்தார்கள். இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

எலெனா விஷயத்தில் நான் நாவலின் கட்சி. நாவலின் எலெனா பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உள்ள, பள்ளிக்கே ராணி. பிடிவாதக்காரி. ஸ்டெஃபன் தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றதும் தோழிகளைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய், அவன் எனக்கே ஆகும்வரை ஓயமாட்டேன் என்று ரத்தம் தொட்டுச் சபதம் செய்கிறாள். பதினாறு பதினேழு வயதில் இதைப் படித்தபோது அவள் தைரியம் பிடித்திருந்தது. இப்போது படிக்கும்போது அவளுடைய தன்னலமும் தெரிகிறது. ஆனாலும் பிடிக்கிறது, ஏனென்றால் ஆசை முதலில் அவளுடையது. தொடரில் நீனா டோப்ரெவ் நடித்த எலெனா அதே கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறாள், பெற்றோரை நினைத்து டைரி எழுத. நல்ல பெண், துக்கத்தில் இருப்பவள், எல்லோருக்காகவும் விட்டுக்கொடுப்பவள். அவள் எதையும் துரத்துவதில்லை. கதைதான் அவளைத் துரத்துகிறது.

எலெனாவின் பள்ளித் தோழி கரோலின் விஷயத்தில் நேர்மாறு. நாவலில் அவள் பொறாமைக்காரி, எலெனாவின் டைரியைத் திருடுகிறவள், அவ்வளவுதான். தொடரின் இரண்டாவது சீசனில் கரோலின் வாம்பயர் ஆகிறாள். அதற்குப்பிறகு அவளைப்போல வளர்ந்த பாத்திரம் அந்தத் தொடரில் வேறு இல்லை. அக்கா மகளும் நானும் சண்டை போடாமல் ஒத்துப்போகிற ஒரே இடம் இது.

வாம்பயருக்கான சட்டதிட்டங்களில் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. வெயிலில் நடமாட லாபிஸ் லசூலி என்ற நீலக்கல் மோதிரம். மனதை வசப்படுத்தாமல் காக்க வெர்வெய்ன் என்ற செடி. அழைக்காத வீட்டுக்குள் நுழைய முடியாது. ஓடும் தண்ணீரைத் தீய சக்தி தாண்டாது என்ற நம்பிக்கை நாவலில் முக்கியம். தொடர் அதைக் கண்டுகொள்ளவில்லை. நாவலில் டேமன் காகமாக மாறுவான். தொடரின் ஆரம்ப எபிசோடுகளில் ஒரு காகமும் மூடுபனியும் அவனோடு வந்தன, பிறகு காணாமல் போயின. காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுகிற வீட்டில் அந்தக் காகம் யாரையும் பயமுறுத்தவும் இல்லை.

அழைப்பு விதியை மட்டும் தொடர் அருமையாகப் பயன்படுத்தியிருக்கிறது. கிளாஸ் என்ற ஆதி வாம்பயர் எலெனாவைத் தேடி வரும்போது, அண்ணனும் தம்பியும் தங்கள் மாளிகையை எலெனா பெயருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். உயிருள்ள மனுஷி உரிமையாளராக இருந்தால், யார் உள்ளே வரலாம் என்பதை அவள்தான் தீர்மானிக்க முடியும். எழுதிக்கொடுத்தவர்களும் வாம்பயர்கள்தானே! கையெழுத்து விழுந்ததும் அவர்களே வாசலில் நின்று அவள் அழைக்கக் காத்திருக்க வேண்டியதாகிறது. பயத்தைப் பத்திரத்தில் எழுதிக் காட்டிய இந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது.

எங்கள் பக்கத்துப் பெண் பேயான யட்சிக்கும் இப்படி ஒரு விதி உண்டு. அவள் வீட்டுக்குள் வருவதில்லை, வழியில் நிற்பாள். திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையிலான பழைய பாதையில், பஞ்சவன்காட்டில், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்பாள். கொடுத்தவன் அவள் பின்னால் போவான். ராத்திரியில் மாளிகையாகத் தெரிந்தது விடிந்தால் பனைமரம். கீழே பல்லும் நகமும் மட்டும் கிடக்கும். வாம்பயரோ யட்சியோ, ஆள் ஒரு வார்த்தையாவது சம்மதித்தால்தான் காரியம் நடக்கும். இதுவரைக்கும் ஒற்றுமை. வேற்றுமை, அவள் ஏன் அப்படி ஆனாள் என்பதில் இருக்கிறது.

நீலி கதையைக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டாகக் கேட்டவர்களுக்கு அது தெரியும். பாடுகிறவரைப் பொறுத்துப் பெயர்களும் ஊர்களும் மாறும், நடு எலும்பு மாறாது. ஒரு பெண் ஒருவனை நம்பி நகையோடு கிளம்பி வருகிறாள். கள்ளிக்காட்டில் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவன் அவளைக் கொன்று நகையை எடுத்துக்கொள்கிறான். பார்த்தது கள்ளிச்செடி மட்டும். மறுபிறவியில் அவள் நீலியாகவும் அவன் வணிகனாகவும் வருகிறார்கள். கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று அவள் ஊர்ச் சபையில் நியாயம் கேட்கிறாள். அவனோ, இவள் பெண்ணே இல்லை, பேய் என்று கதறுகிறான். வேளாளர்கள் எழுபது பேர் தங்கள் உயிரைப் பிணையாக வைத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். அவள் அவனைக் கொல்கிறாள். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில், திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இது. ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பாடிய திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதற்குக் குறிப்பு உண்டு. அந்த வடக்கு எல்லையிலிருந்து இந்தத் தெற்கு எல்லைவரை அவள் நடந்து வந்திருக்கிறாள். இங்கே கள்ளியங்காட்டு நீலி. ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்து முப்பந்தலில் இசக்கியம்மன்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நாவலின் கேத்தரினைப் பாருங்கள். ஜெர்மானியப் பிரபு வீட்டுப் பெண். நோயில் சாகக் கிடந்தவளை வாம்பயராக்கிக் காப்பாற்றுகிறார்கள். அண்ணன் தம்பி இருவரையும் நேசிக்கிறாள், இருவருக்கும் தன் ரத்தத்தைக் கொடுக்கிறாள். தன்னால் அவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்து, நான் செத்தால் ஒற்றுமையாவார்கள் என்று வெயிலில் எரிந்து செத்ததுபோல் நாடகமாடிவிட்டுப் போகிறாள். அவர்களோ ஒருவரையொருவர் வாளால் குத்திச் சாய்க்கிறார்கள். முதல் இரண்டு புத்தகங்களிலும் இந்தக் கதையைச் சொல்வது ஆண்கள்தான். அவர்கள் நினைவில் அவள் பயந்த, மெலிந்த, வெளுத்த குழந்தை. மூன்றாவது புத்தகத்தில் அவள் நேரில் வந்து வாய் திறக்கும்போது பைத்தியக்காரியாக இருக்கிறாள். சில பக்கங்கள் பேசுகிறாள். எலெனா அவள் கழுத்திலிருந்த நீலக்கல்லைப் பறித்து, வெயிலில் தள்ளி எரிக்கிறாள், தானும் சாகிறாள். திரும்பப் படிக்கையில் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஐந்நூறு வருடம் கழித்து வந்தவளிடம், இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தொடர் அதைக் கேட்டது. எனக்கு நாவலைவிடத் தொடர் உயர்ந்து நிற்பது இந்த ஒரு விஷயத்தில்தான். முதல் சீசனின் முடிவில் எலெனா மாதிரியே நடித்துக்கொண்டு கேத்தரின் வீட்டுக்குள் வருகிறாள். இரண்டாவது சீசனில் அவள் கதை முழுவதும் அவள் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. அங்கே அவள் ஜெர்மானியப் பெண் இல்லை, பல்கேரியாவின் காத்தரீனா பெட்ரோவா. கல்யாணமாகாமல் குழந்தை பெற்றவள். பிறந்த பெண் குழந்தையை அவள் தொடுவதற்குள் அப்பா எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவமானம் என்று அவளை இங்கிலாந்துக்குத் துரத்துகிறார்கள். அங்கே கிளாஸ் அவளை ஒரு சடங்குக்குப் பலியிடப் பார்க்கிறான். பலிக்கு மனிதப் பெண் வேண்டும். அவள் வாம்பயர் ரத்தம் உள்ளே இருக்கும்போதே தூக்கு மாட்டிக்கொண்டு, வாம்பயராகி, தப்பிக்கிறாள். அதற்குப் பழியாக அவன் அவள் குடும்பத்தையே கொன்று போடுகிறான். ஊருக்குத் திரும்பி வந்து அம்மாவின் உடலைக் கட்டிக்கொண்டு அவள் அழுகிற காட்சியில், பல்கேரியாவில் பிறந்த டோப்ரெவ் நடிக்கிற மாதிரியே தெரியவில்லை. அதற்குப் பிறகு ஐந்நூறு வருட ஓட்டம். யாரையும் நம்பாதவள், எவரையும் விற்றுவிட்டுத் தப்புகிறவள் என்று அவளைப் பற்றிச் சொல்லப்படுவதற்கெல்லாம் இங்கே வேர் இருக்கிறது.

இடுப்பில் குழந்தை இல்லாமல் இசக்கியைப் பார்க்க முடியாது. கள்ளிக் கொப்பாவது ஒரு பிள்ளையாக வேண்டியிருந்தது அவளுக்கு. காத்தரீனாவிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கியதிலிருந்து கதையைத் தொடங்கிய எழுத்தாளர்களுக்கு நீலியைத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அதே புள்ளியில் கைவைத்திருக்கிறார்கள். இந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு அக்கா மகள் கேட்டாள்: “சித்தி, அவளுக்கு யாராவது ஒரு கொடை குடுத்திருந்தா இத்தனை பேரைக் கொன்னிருப்பாளா?”

கொடை என்று அவள் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அநியாயமாகச் செத்தவர்களை விரட்டி மட்டும் விடுவதில்லை. ஒரு இடம் கொடுத்து, படையல் வைத்து, அவர்களுக்கு என்ன நடந்தது என்பதை விடிய விடிய வில்லடித்துப் பாடுவார்கள். கொன்றவன் பெயரும் பாட்டில் வரும், காரணமும் வரும். கேட்டுக்கொண்டே இருக்கும்போது சாமி வந்து ஆடுகிறவர்கள் உண்டு. கோபத்தை இல்லாமல் ஆக்குவது நோக்கமில்லை. அதற்கு ஊர் சாட்சியாக இருக்கிறது.

ஆனால் இதற்கு நேரெதிரான ஒரு வழியும் எங்கள் கதைகளிலேயே இருக்கிறது. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த மலையாளக் கதைத் தொகுப்பான ‘ஐதீகமாலை’யில், மந்திரம் தெரிந்த பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனார் யட்சியை மந்திரத்தால் கட்டி, தலையில் இரும்பாணி அடிக்கிறார். ஆணி இறங்கியதும் அவள் சாதாரணப் பெண்ணாகிவிடுகிறாள், சொன்ன வேலை செய்கிறாள். ஒருநாள் தலை வாரிவிட்ட கிழவி ஆணியைப் பிடுங்க, பழையபடி யட்சியாகிவிடுகிறாள். தொடரின் நான்காவது சீசன் முடிவைப் பார்த்தபோது எனக்கு அந்த ஆணிதான் ஞாபகம் வந்தது. வாம்பயரை மனிதராக்கும் ஒரே ஒரு மருந்து இருக்கிறது. சண்டையில் எலெனா அதைக் கேத்தரினின் வாயில் திணித்துவிடுகிறாள். அடுத்த சீசனில் கேத்தரின் வலிமை போய், தலை நரைத்து, பல் விழுந்து, வேகமாகக் கிழடாகிச் சாகத் தொடங்குகிறாள். அந்த ஐந்தாவது சீசனில்தான் அவளுடைய மகள் நாடியா அவளைத் தேடி வந்து சேர்கிறாள்; அவளும் வாம்பயர், அவளும் நூற்றாண்டுகளாக அம்மாவைத் தேடினவள். மகள் சாகும்போது கேத்தரின் அவள் மனதுக்குள் ஒரு நாளை உருவாக்கிக் காட்டுகிறாள்: பிடுங்கப்படாமல் இருந்திருந்தால் அம்மாவும் பிள்ளையும் எப்படி ஒரு நாளைக் கழித்திருப்பார்கள் என்று. 171 எபிசோடிலும் இதற்கு இணையான காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே நாவலாசிரியருக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஸ்மித் இந்தக் கதையைப் புத்தகம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்காக ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்தவர். பதிப்புரிமை நிறுவனத்துடையது, பின்னாளில் அது அலாய் என்டர்டெயின்மென்ட் ஆனது. 2011இல் அவரையே நீக்கிவிட்டு, அதே வரிசையை வேறு ஆளை வைத்து எழுத வைத்தார்கள். 2014இல் ஸ்மித் தன் கதையை மேற்கொண்டு எழுதியது அமேசானின் கிண்டில் வேர்ல்ட்ஸில், அதாவது ரசிகர்கள் அனுமதியோடு கதை எழுதுவதற்கென்று திறந்த இடத்தில். பெற்ற பிள்ளையைப் பார்க்க அடுத்த வீட்டு வாசலில் நின்றதுபோல. 2025 மார்ச்சில் அவர் காலமானார். நாவலின் கேத்தரினை இன்னொருமுறை அவர் தன் இஷ்டப்படி எழுதியிருந்தால் எப்படி இருந்திருப்பாள் என்று நான் யோசிப்பதுண்டு.

தொடர் 2017 மார்ச்சில் முடிந்தது. கடைசி எபிசோடில் கேத்தரின் நரகத்தின் ராணியாகத் திரும்புகிறாள், ஊரையே எரிக்கத் திட்டம் போடுகிறாள். போனி நரக நெருப்பைத் திருப்பிவிட, ஸ்டெஃபன் அவளையும் தன்னையும் சேர்த்து முடித்துக்கொள்கிறான். காத்தரீனா, பறிபோன குழந்தை, நாடியா, இவற்றில் ஒன்றுகூட அங்கே பேசப்படவில்லை. எட்டு வருடத்தில் சம்பாதித்த பாத்திரத்தை, நாவல் 1991இல் நிறுத்திய அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்: கெட்டவள், எரிந்தாள், ஊர் தப்பியது. ஸ்டெஃபனின் தியாகத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, அது நல்ல காட்சியும்கூட. ஆனால் அதே நெருப்பில் எரிந்த இன்னொருத்திக்கு ஒரு வரி வசனமாவது மீதி வைத்திருக்கலாம். புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் நாடியா சாகும் எபிசோடு வரைக்கும் கட்டாயம் பாருங்கள். அதற்கு மேல் உங்கள் விருப்பம். படிக்க நினைப்பவர்களுக்கு முதல் நான்கு நாவல்கள் போதும். மூன்றாவதில் கேத்தரின் பேசுகிற அந்தச் சில பக்கங்களை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.